வரிசை ஒப்பமைவுக் கருவிகளும் கோப்பு வடிவங்களும்: மன்னார் வளைகுடா உயிரிகளை முன்வைத்து ஓர் அறிமுகம்

வரிசை ஒப்பமைவு என்பது இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட டி.என்.ஏ., ஆர்.என்.ஏ. அல்லது புரத வரிசைகளை, ஒரே மூதாதை இடத்திலிருந்து வந்த எழுத்துகள் ஒரே நெடுவரிசையில் நிற்குமாறு அடுக்கும் முறையாகும். ஆங்கிலத்தில் இது சீக்குவன்ஸ் அலைன்மென்ட் எனப்படும். உயிரித் தகவலியலின் பெரும்பாலான வேலைகள் இந்த அடுக்கலிலிருந்தே தொடங்குகின்றன. ஓர் உயிரியின் இனத்தை அறிதல், மரபணுவின் பணியை ஊகித்தல், பரிணாம மரம் வரைதல், மரபணு மாறுபாடுகளைக் கண்டறிதல் ஆகிய அனைத்துக்கும் இதுவே அடிப்படை.

கருவிகளைக் கற்கும் மாணவர்கள் கோப்பு வடிவங்களைப் பெரும்பாலும் வெறும் சேமிப்பு முறையாகவே கருதுகின்றனர். ஆனால் ஒவ்வொரு வடிவமும் சில தகவல்களை வைத்துக்கொள்கிறது, சிலவற்றைக் கைவிடுகிறது. கைவிடப்பட்டது இனப் பெயராகவோ எழுத்தின் தர மதிப்பாகவோ இருந்தால், கருவி சரியாக வேலை செய்தும் முடிவு தவறாகலாம். தூத்துக்குடி, திருச்செந்தூர்க் கடற்கரையின் உயிரிகளை எடுத்துக்காட்டாகக் கொண்டு இக்கட்டுரை அதை விளக்குகிறது.

மன்னார் வளைகுடாவில் இதன் தேவை

ராமேசுவரம் முதல் கன்னியாகுமரி வரை நீளும் மன்னார் வளைகுடா உயிர்க்கோளக் காப்பகம் 1989-இல் அறிவிக்கப்பட்டது. திருச்செந்தூர் இக்கடற்கரையில் அமைந்துள்ளது. அதற்கு முன்பே, 1986-இல், தூத்துக்குடிக்கும் ராமேசுவரத்துக்கும் இடைப்பட்ட 21 தீவுகளை உள்ளடக்கிய கடல்சார் தேசியப் பூங்கா அமைக்கப்பட்டது. முத்துச் சிப்பி, சங்கு, கடல் அட்டை, கடல் குதிரை, பவளம் என இப்பகுதியின் உயிரின வளம் மிகப் பெரியது.

இக்கடலின் முத்துச் சிப்பிக்குப் பெயர்ச் சிக்கல் நெடுங்காலமாக உண்டு. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஹெர்ட்மன் எழுதிய இலங்கை முத்துச் சலாப அறிக்கையில் அது மார்கரிட்டிஃபெரா வல்காரிஸ் என்று குறிக்கப்பட்டது. பின்னர் பிங்டாடா வல்காரிஸ் என்றும், இப்போது பிங்டாடா ஃபுகாட்டா என்றும் வழங்குகிறது. பிங்டாடா இம்பிரிகேட்டா, பிங்டாடா ரேடியேட்டா ஆகிய பெயர்களோடு அதற்குள்ள உறவு குறித்து வகைப்பாட்டியலாளரிடையே இன்றும் கருத்து வேறுபாடு உள்ளது. அதே பார்களில் வேறு பிங்டாடா இனங்களும் வாழ்கின்றன. சிறு குஞ்சுப் பருவத்தில் ஓட்டை மட்டும் பார்த்து இவற்றைப் பிரித்தறிவது கடினம்.

பெயர் தவறினால் சட்டச் சிக்கலும் எழும். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் கடல் அட்டைகளும் கடல் குதிரைகளும் 2001-இல் சேர்க்கப்பட்டன. வேகவைத்து உலர்த்திய கடல் அட்டையில் நிறமும் வடிவமும் பெருமளவு மாறிவிடும். அப்போது தோலில் உள்ள நுண்ணிய சுண்ணாம்பு முட்களும் டி.என்.ஏ. வரிசையுமே இனத்தை அறிய உதவுகின்றன. எந்த இனம், எந்த நாட்டு வணிகக் கட்டுப்பாட்டில் வருவது என்ற கேள்விகளுக்கு விடை தேடுபவர் கையில் இறுதியாக இருப்பது சில கோப்புகளே.

ஒப்பமைவு எவ்வாறு அமைகிறது?

டி.என்.ஏ.வின் நான்கு காரங்களான அடினைன், தைமின், குவானைன், சைட்டோசின் ஆகியவற்றை இங்கு முறையே அ, தை, கு, சை எனக் குறிப்போம். கணினிக் கோப்புகளில் இவை ஆங்கில முதலெழுத்துகளாக இருக்கும்.

வரிசை 1: அ – தை – கு – சை – சை – தை – அ
வரிசை 2: அ – தை – கு – சை – தை – அ

முதல் வரிசையில் 7 எழுத்துகள், இரண்டாவதில் 6. பொருந்தும் எழுத்துக்கு +1, பொருந்தாததற்கு −1, இடைவெளிக்கு −2 எனக் கொள்வோம். இரண்டாவது வரிசையை இடமிருந்து அப்படியே அடுக்கினால் முதல் 4 எழுத்துகள் பொருந்தும், அடுத்த 2 பொருந்தா, கடைசியில் ஓர் இடைவெளி வரும். மதிப்பெண் 4 − 2 − 2 = 0. மாறாக, இரண்டாவது வரிசையின் ஒற்றைச் சைக்கு அருகில் ஓர் இடைவெளி விட்டால் 6 எழுத்துகள் பொருந்தும். மதிப்பெண் 6 − 2 = 4. ஆகவே இரண்டாவது அடுக்கலே சிறந்தது.

இங்கு ஒன்றைக் கவனிக்க வேண்டும். இடைவெளியை 4-ஆம் இடத்தில் வைத்தாலும் 5-ஆம் இடத்தில் வைத்தாலும் மதிப்பெண் 4 தான். இரண்டு சைகளில் எது இழக்கப்பட்டது என்பதை வரிசை சொல்வதில்லை. கருவி ஒன்றைத் தேர்ந்து காட்டுகிறது, அவ்வளவே. எனவே ஒப்பமைவு என்பது கொடுக்கப்பட்ட மதிப்பெண் விதிக்குட்பட்ட ஒரு கருதுகோள். விதி மாறினால் அடுக்கலும் மாறலாம்.

ஒப்பமைவின் வகைகளும் கருவிகளும்

*முழு ஒப்பமைவு:* இரு வரிசைகளையும் தொடக்கம் முதல் முடிவு வரை அடுக்குவது. நீடில்மன், வுன்ஷ் ஆகியோர் 1970-இல் இதற்கான வழிமுறையை வெளியிட்டனர். ஒரே மரபணுவின் ஏறத்தாழச் சம நீளமுள்ள இரு பிரதிகளை ஒப்பிட இது ஏற்றது.

*பகுதி ஒப்பமைவு:* இரு வரிசைகளிலும் மிகவும் ஒத்திருக்கும் பகுதியை மட்டும் கண்டறிவது. சுமித், வாட்டர்மன் ஆகியோர் 1981-இல் இதை வகுத்தனர்.

*தரவுத்தளத் தேடல்:* கோடிக்கணக்கான வரிசைகளுடன் ஒன்றை ஒப்பிட மேற்கண்ட முறைகள் மெதுவானவை. 1990-இல் ஆல்ட்சுலும் உடன் ஆய்வாளர்களும் வெளியிட்ட பிளாஸ்ட், முதலில் சிறு துண்டுப் பொருத்தங்களைத் தேடி, கிடைத்த இடங்களை மட்டும் இரு பக்கமும் நீட்டிப் பார்க்கிறது. இதனால் வேகம் கூடுகிறது. சில தொலைதூர உறவுகள் தவறிப்போகவும் வாய்ப்பு உண்டு. இணையத்தில் நியூக்கிளியோடைடுத் தேடலின் இயல்பு அமைப்பான மெகாபிளாஸ்ட், தொடர்ச்சியாக 28 எழுத்துகள் பொருந்தும் துண்டைத் தேடுகிறது. வழக்கமான பிளாஸ்ட்-என் 11 எழுத்துகளிலேயே தொடங்கும். நெருங்கிய உறவினம் தரவுத்தளத்தில் இல்லாத கடல் உயிரிக்குப் பின்னதே பொருத்தமானது.

*பல்வரிசை ஒப்பமைவு:* மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட வரிசைகளை ஒருசேர அடுக்குவது. 1988-இல் தொடங்கிய கிளஸ்டல் குடும்பம், 2002-இல் வந்த மாஃப்ட், 2004-இல் வந்த மஸ்சில் ஆகியவை பரவலாகப் பயன்படுகின்றன. பரிணாம மரம் வரைவதற்கு முந்தைய படி இதுவே.

*துண்டு வாசிப்புகளைப் பொருத்துதல்:* புதிய வரிசையறியும் இயந்திரங்கள் தரும் இலட்சக்கணக்கான சிறு துண்டுகளை ஒரு மேற்கோள் மரபணுத் தொகுப்பின்மீது உரிய இடத்தில் வைப்பது. 2009-இல் வெளிவந்த பி.டபிள்யூ.ஏ., போடை ஆகியவை குறுந்துண்டுகளுக்கும், 2018-இல் கட்டுரையாக வெளிவந்த மினிமேப்2 நெடுந்துண்டுகளுக்கும் பயன்படுகின்றன.

கோப்பு வடிவங்கள்

*ஃபாஸ்டா:* மிக எளிய வடிவம். வலப்பக்கம் நோக்கிய கூர்க்குறியுடன் தொடங்கும் தலைப்பு வரி, அதன்கீழ் வரிசை. இதில் தர மதிப்பு எதுவும் இல்லை. ஐயமான எழுத்தும் உறுதியான எழுத்தும் ஒன்றுபோலவே தெரியும். பல கருவிகள் தலைப்பு வரியில் முதல் வெற்றிடம் வரை உள்ளதையே அடையாளமாக எடுத்துக்கொள்கின்றன. ஹோலோதூரியா ஸ்காப்ரா என்று இடைவெளி விட்டு எழுதினால், அடுத்த கருவிக்குப் போய்ச் சேர்வது ஹோலோதூரியா மட்டுமே. இனப் பெயருக்கு இடையில் அடிக்கோடு இடுவதும், முன்னால் மாதிரி எண்ணை எழுதுவதும் இதனால்தான்.

*ஃபாஸ்ட்கியூ:* ஒவ்வொரு துண்டுக்கும் நான்கு வரிகள்: தலைப்பு, வரிசை, கூட்டல் குறி, தர மதிப்புகள். ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரு தரக் குறியீடு உண்டு. மதிப்பு 20 என்றால் அந்த எழுத்து பிழையாக இருக்கும் வாய்ப்பு 100-இல் 1. மதிப்பு 30 என்றால் 1000-இல் 1. தலைப்பு வரி மின்னஞ்சல் முகவரியில் வரும் அட் குறியுடன் தொடங்கும். ஆனால் அதே குறி மதிப்பு 31-ஐயும் குறிப்பதால், தர வரியும் அதில் தொடங்கலாம். எனவே அட் குறியில் தொடங்கும் வரிகளை எண்ணித் துண்டுகளைக் கணக்கிடுவது தவறு. மொத்த வரிகளை நான்கால் வகுப்பதே சரி.

*கிளஸ்டல், நெக்சஸ், ஃபிலிப்:* பல்வரிசை ஒப்பமைவைச் சேமிக்கும் வடிவங்கள். கிளஸ்டல் வடிவில் எல்லா வரிசைகளும் ஒத்திருக்கும் நெடுவரிசையின்கீழ் உடுக்குறி இருக்கும். கண்ணால் பார்க்க எளிது. ஃபிலிப் வடிவம் மரம் வரையும் நிரல்களுக்கானது. அதன் கண்டிப்பான வகையில் ஒவ்வொரு பெயருக்கும் 10 எழுத்து இடமே உண்டு.

இந்தப் பத்து எழுத்து வரம்பு நம் கடல் உயிரிகளுக்கு நேரடியான சிக்கல். ஹோலோதூரியா என்பதை இலத்தீன் எழுத்தில் எழுதினால் சரியாக 10 எழுத்துகள். வெள்ளை அட்டை எனப்படும் ஹோலோதூரியா ஸ்காப்ராவும் வேறோர் இனமான ஹோலோதூரியா ஆட்ராவும் இவ்வடிவுக்கு மாற்றப்படும்போது வெட்டுப்பட்டு ஒரே பெயராகிவிடும். கடல் குதிரைப் பேரினமான ஹிப்போகாம்பஸ் 11 எழுத்துகள் கொண்டது. அதன் கடைசி எழுத்தே போய்விடும், இனப் பெயர் அறவே நிற்காது. மரத்தில் எந்தக் கிளை எந்த இனம் என்று பிறகு சொல்ல இயலாது. குறுகிய எண் பெயர்களைத் தந்து, அவற்றின் முழு விவரத்தைத் தனி அட்டவணையில் வைத்துக்கொள்வதே பாதுகாப்பு.

*சாம், பாம், கிராம்:* துண்டுகள் மேற்கோளில் எங்கே பொருந்தின என்பதைப் பதியும் வடிவங்கள். சாம் கோப்பு உரை வடிவிலானது. ஒவ்வொரு வரியிலும் 11 கட்டாய நெடுவரிசைகள் உண்டு. துண்டின் பெயர், கொடி எண், மேற்கோளின் பெயர், தொடங்கும் இடம், பொருத்த நம்பகம், சிகார் எனப்படும் அடுக்கல் சுருக்கம், வரிசை, தரம் ஆகியவை அவற்றில் அடங்கும். பாம் இதன் சுருக்கப்பட்ட இருமக் கோப்பு. கிராம் மேற்கோளோடு வேறுபடுவதையே முதன்மையாகச் சேமித்து இடத்தை மேலும் குறைக்கிறது. ஆனால் அதைத் திறக்க அதே மேற்கோள் கோப்பு வேண்டும். மேற்கோள் தொலைந்தால் வரிசையை மீட்பது சிக்கலாகும்.

சிகார் சுருக்கத்தில் 50 அடுக்கல், 2 நீக்கம், 48 அடுக்கல் என்று இருந்தால், துண்டின் நீளம் 98, மேற்கோளில் அது பிடிக்கும் இடம் 100. இதில் அடுக்கலைக் குறிக்கும் எம் என்ற எழுத்தைப் பலர் பொருத்தம் எனப் படிக்கின்றனர். அது எழுத்துக்கு எழுத்து எதிரெதிரே நிற்கிறது என்பதை மட்டுமே குறிக்கும். அவ்விடத்தில் எழுத்துகள் வேறாகவும் இருக்கலாம்.

*வி.சி.எஃப்., பெட்:* முன்னது மாறுபாடுகளின் பட்டியல், பின்னது மரபணுத் தொகுப்பின் பகுதிகளைக் குறிப்பது. வி.சி.எஃப்., சாம் ஆகியவை முதல் எழுத்தை 1 என எண்ணும். பெட் 0 என எண்ணும். ஒன்றிலிருந்து மற்றதற்கு மாற்றும்போது இதை மறந்தால் ஒவ்வோர் இடமும் ஓர் எழுத்து நகர்ந்துவிடும். முன்பு கண்டதுபோல் ஓர் இடைவெளியை இரண்டு இடங்களில் வைக்க முடியும் என்பதால், வி.சி.எஃப். கோப்பில் அதை இயன்றவரை இடப்பக்கம் தள்ளி எழுதும் வழக்கம் உள்ளது. அவ்வாறு செய்யாவிட்டால் ஒரே மாறுபாடு இரண்டாக எண்ணப்படும்.

ஒரு மாதிரியிலிருந்து இனப் பெயர் வரை

விலங்குகளின் டி.என்.ஏ. பட்டைக்குறியீட்டுக்கு இழைமணியில் உள்ள சைட்டோகுரோம் ஆக்சிடேசு மரபணுவின் ஏறத்தாழ 650 எழுத்துப் பகுதி பயன்படுகிறது. 2003-இல் பால் ஹெபர்ட்டும் உடன் ஆய்வாளர்களும் இம்முறையை முன்வைத்தனர். உலர்ந்த கடல் அட்டைத் துண்டு ஒன்றிலிருந்து இவ்வரிசை கிடைத்தது எனக் கொண்டால், பின்வரும் வரிசையில் செல்லலாம்.

1. இயந்திரம் தந்த மூல வண்ண வரைபடக் கோப்பை அழிக்காமல் வைக்க வேண்டும். தரம் குறைந்த இரு முனைகளையும், தொடக்கியின் வரிசையையும் நீக்க வேண்டும். தொடக்கி இருந்த இடத்தில் தெரியும் எழுத்துகள் நாம் சேர்த்தவை, உயிரியுடையவை அல்ல.

2. முன்னோக்கியும் பின்னோக்கியும் படித்த இரு வரிசைகளையும் ஒரே திசைக்குக் கொண்டுவர வேண்டும். தலைகீழாக உள்ள ஒரு வரிசையைப் பல்வரிசைக் கருவியில் இட்டால், அதுவும் எப்படியாவது இடைவெளிகளை இட்டு அடுக்கிக் காட்டும். பிழை அறிவிப்பு எதுவும் வராது.

3. வரிசையைப் புரதமாக மொழிபெயர்த்துப் பார்க்க வேண்டும். இப்பகுதி புரதத்துக்கான குறியீடு என்பதால் நடுவில் நிறுத்தக் குறியீடு வரக்கூடாது. சரியான மரபுக் குறியீட்டு அட்டவணையைத் தேர்வது இங்கு முக்கியம். முதுகெலும்புள்ள கடல் குதிரையின் இழைமணிக்கு அட்டவணை 2, முத்துச் சிப்பிக்கு அட்டவணை 5, கடல் அட்டைக்கு அட்டவணை 9. தை, கு, அ என்ற மூன்றெழுத்து பொது அட்டவணையில் நிறுத்தம். இம்மூன்று அட்டவணைகளிலும் டிரிப்டோபன். அட்டவணையைத் தவறாகத் தேர்ந்தால் நல்ல வரிசையும் பழுதானதுபோல் தோன்றும். சரியான அட்டவணையிலும் நிறுத்தம் வந்தால், படிப்புப் பிழையோ, உட்கருவுக்குள் இடம்பெயர்ந்த பழைய பிரதியோ காரணமாக இருக்கலாம்.

4. பிளாஸ்ட் தேடலில் மூன்று எண்களைச் சேர்த்துப் படிக்க வேண்டும். ஒற்றுமை விழுக்காடு, எவ்வளவு நீளம் அடுக்கப்பட்டது, ஈ-மதிப்பு. 650 எழுத்துகளில் 13 வேறுபட்டால் ஒற்றுமை 98 விழுக்காடு. ஆனால் 120 எழுத்துகள் மட்டும் அடுக்கப்பட்டு 100 விழுக்காடு வந்தால், மீதி 530 எழுத்துகளைப் பற்றி அது ஒன்றும் சொல்லவில்லை. ஈ-மதிப்பு, அதே அளவு மதிப்பெண் தற்செயலாக எத்தனை முறை கிடைக்கலாம் என்பதைக் காட்டும். தரவுத்தளத்தின் அளவைப் பொறுத்து அது மாறும். இனப் பெயர் சரியா என்பதற்கு அது சான்றாகாது.

5. முதல் வரியில் வந்த பெயரோடு நிறுத்தாமல், அப்பேரினத்தின் பிற இனங்களின் வரிசைகளையும் எடுத்துப் பல்வரிசை ஒப்பமைவு செய்து, நம் மாதிரி எந்தக் கூட்டத்தில் சேர்கிறது என்று மரத்தில் பார்க்க வேண்டும்.

மரபணுத் தொகுப்பு அளவில்

பிங்டாடா ஃபுகாட்டாவின் முழு மரபணுத் தொகுப்பின் முதல் வரைவை ஜப்பானிய ஆய்வாளர்கள் 2012-இல் வெளியிட்டனர். அதன் அளவு நூறு கோடிக்கும் மேற்பட்ட எழுத்துகள். தூத்துக்குடியில் எடுத்த சிப்பியின் துண்டுகளை இந்த ஜப்பானிய மேற்கோளின்மீது பொருத்தினால் பெரும்பகுதி பொருந்தும். எனினும் மேற்கோளிலிருந்து மிகவும் மாறுபட்ட பகுதிகளும், மேற்கோளில் இல்லாத பகுதிகளும் பொருந்தாத துண்டுகளாக ஒதுக்கப்படும். நம் கடற்கரைச் சிப்பிக்கே உரிய வேறுபாடு அங்கே இருக்கலாம். பாம் கோப்பிலிருந்து பொருந்தாத துண்டுகளை நீக்கிவிட்டு இடம் மிச்சப்படுத்துவோர் இதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

தூத்துக்குடியில் இதற்கு நல்ல அடித்தளம் உண்டு. இப்பகுதியின் கடைசி முத்துக்குளிப்பு 1961-இல் நடந்தது. மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் தூத்துக்குடி மையம் 1973-இல் வளர்ப்பு முத்தை உருவாக்கியது. 1981-இல் பொரிப்பகத்தில் முத்துச் சிப்பிக் குஞ்சுகளையும் வளர்த்தெடுத்தது. இன்று வரிசைகளைச் சேமிக்க அமெரிக்க, ஐரோப்பிய, ஜப்பானியத் தரவுத்தளங்களோடு, 2022-இல் ஃபரிதாபாத்தில் தொடங்கப்பட்ட இந்திய உயிரியல் தரவு மையமும் உள்ளது.

வரம்புகள்

தேடல் கருவியால் தரவுத்தளத்தில் உள்ளதிலிருந்து மட்டுமே பெயரைத் தர முடியும். உரிய இனம் அங்கு இல்லையெனில் அதற்கு அடுத்த நெருங்கிய இனத்தின் பெயர் முதலில் வரும். தவறான பெயரோடு யாரோ பதிந்த வரிசை இருந்தால், அந்தத் தவறும் நம் முடிவுக்கு வந்து சேரும். முத்துச் சிப்பிபோல் ஒன்றுக்கு மேற்பட்ட பெயர்கள் வழங்கும் உயிரியில், ஒரே இனம் இரு பெயர்களில் பட்டியலாகும். இத்தனை விழுக்காட்டுக்கு மேல் ஒரே இனம் என்று எல்லா உயிரிகளுக்கும் பொருந்தும் எல்லைக் கோடு கிடையாது.

ஆகவே வரிசையைப் பதிவு செய்யும்போது, மாதிரி எடுத்த இடம், நாள், ஆழம், அருங்காட்சியகத்திலோ ஆய்வகத்திலோ வைக்கப்பட்ட சான்று மாதிரியின் எண், ஒளிப்படம் ஆகியவற்றையும் சேர்க்க வேண்டும். நாளை பெயர் மாறினாலும் அந்தச் சிப்பியைத் திரும்ப எடுத்துப் பார்த்து வரிசையோடு சேர்த்துத் திருத்திக்கொள்ள முடியும். பயன்படுத்திய கருவியின் பெயர், பதிப்பு எண், மதிப்பெண் விதிகள் ஆகியவற்றை ஒரு தனி உரைக் கோப்பில் எழுதி, மூலக் கோப்புகளுடன் ஒரே அடைவில் வைப்பது நல்ல வழக்கம். அப்போதுதான் வேறொருவர் அதே ஒப்பமைவை மீண்டும் செய்து பார்த்து ஏற்கவோ மறுக்கவோ இயலும்.